கென்ட்டில் பத்துக்கு ஏழு பேரா? யார் சொன்னது?

வெள்ளைக்குதிரை:
இங்கிலாந்தின் கென்ட் கவுண்டியைப் பற்றி வேறு இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "2025 மே 1 கவுன்சில் தேர்தலில் கென்ட் மக்களில் பத்துக்கு ஏழு பேர் ரிஃபார்ம் கட்சிக்கே வாக்களித்தார்கள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கவுன்சிலின் 81 இடத்தில் ரிஃபார்ம், அதாவது நைஜல் ஃபராஜின் கட்சி, 57 பிடித்தது, சரி. வாங்கிய வாக்கு 37 சதவீதம். பத்துக்கு நாலு பேர்கூட இல்லை. இடத்தை எண்ணிவிட்டு ஆளை எண்ணினேன் என்று சொல்லாதீர்கள்.

மெய்ட்ஸ்டன் ராசா:
அதை எழுதியவன் நான்தான். 81க்கு 57 என்றால் எழுபது சதவீதம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு. கவுன்சிலுக்குப் போனது அந்த 57 பேர், உங்கள் 37 அல்ல. 2021ல் இதே கவுன்சிலில் கன்சர்வேட்டிவ் கட்சி 62 இடம் பிடித்தபோது இந்தக் கணக்கு எங்கே போயிருந்தது?

வெள்ளைக்குதிரை:
நீங்கள் எழுதியது "இடம்" அல்ல, "மக்கள்". திரும்பப் போய்ப் பாருங்கள். 1997 முதல் கையில் வைத்திருந்த கவுன்சிலில் கன்சர்வேட்டிவ் ஐந்து இடத்துக்குச் சுருங்கியது. பெரிய அடிதான், நான் மறுக்கவே இல்லை. ஆனால் ஒரு வார்டில் ஐந்தாறு பேர் நின்று வாக்கைப் பிரித்துக்கொண்டால், மூன்றில் ஒரு பங்கு வாங்கியவரே ஜெயித்துவிடுவார். மற்றவர்களுக்கு விழுந்த வாக்கு எந்த இடத்தையும் தராது. அதனால் அந்த வாக்குப் போட்டவர்கள் கென்ட்டில் இல்லாமல் போய்விடுவார்களா? 37.

தேம்ஸ் தென்றல்:
சில வார்டுகளில் இரண்டு கவுன்சிலர், ஆளுக்கு இரண்டு வாக்கு. அங்கே "எத்தனை பேர்" என்று எப்படி எண்ணுவீர்கள்? உங்கள் 37ம் துல்லியமில்லை.

வெள்ளைக்குதிரை:
துல்லியமில்லை என்றால் 36 ஆகும், 38 ஆகும். எழுபது ஆகுமா?

ஜில்லிங்ஹாம் வாசி:
எங்கள் பக்கம் எல்லோரும் ரிஃபார்முக்குத்தான் போட்டார்கள். கண்ணால் பார்த்தேன்.

வெள்ளைக்குதிரை:
ஜில்லிங்ஹாம் இருப்பது மெட்வேயில். 1998லிருந்து அது தனிக் கவுன்சில். மே 1 அன்று உங்களுக்குத் தேர்தலே கிடையாது. எதைப் பார்த்தீர்கள்?

ஜில்லிங்ஹாம் வாசி:
முகவரியில் கென்ட் என்றுதான் எழுதுகிறேன். என் அக்கா ஆஷ்ஃபர்டில் இருக்கிறாள், அவள் தெருவைச் சொன்னேன். முப்பது வருடம் இங்கே வரி கட்டியவனிடம் நேற்று வந்தவர் பாடம் எடுக்கிறார். உங்களிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்கூட இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வெள்ளைக்குதிரை:
இலங்கைப் பாஸ்போர்ட்தான். விசாவோடு இங்கே குடியிருக்கும் காமன்வெல்த் குடிமகனுக்கு வாக்கு உண்டு. போட்டேன். படத்தோடு அடையாளம் கேட்டார்கள், அதே பாஸ்போர்ட்டைத்தான் நீட்டினேன். வாக்குச்சாவடி மேசையில் உட்கார்ந்திருந்த அலுவலர் அம்மா, பாஸ்போர்ட் படத்தையும் என் முகத்தையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, பட்டியலில் என் பெயர்மேல் பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோடு உங்களுக்கு விழவில்லை. இப்போது 37க்கு வருவோமா?

மெய்ட்ஸ்டன் ராசா:
சரி அண்ணா, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் லேபர் கட்சி 34 சதவீத வாக்கில் 650க்கு 411 எம்.பி. பிடித்தது. அன்று இங்கே நீங்கள் இனிப்பு கொடுக்காத குறை. இதே மே 1ல் டர்ஹாம் கவுன்சிலில் 98 இடத்துக்கு 4 என்று லேபர் விழுந்ததும் முறையே பிழையாகிவிட்டதா?

வெள்ளைக்குதிரை:
"நாட்டில் மூன்றில் இரண்டு பேர் லேபருக்கு" என்று நான் எங்கேயாவது எழுதினேனா? எழுதியிருந்தால் எடுத்துப் போடுங்கள், தம்பி. முறையைப் பற்றி நான் பேசவில்லை, உங்கள் வாக்கியத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

தேம்ஸ் தென்றல்:
சாலைக் குழியும் முதியோர் பராமரிப்பும் இந்தக் கவுன்சில் கையில்தான். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வெள்ளைக்குதிரை:
தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இது 37க்கான இழை.

ஜில்லிங்ஹாம் வாசி:
அக்காவிடம் இப்போதுதான் கேட்டேன். அவள் கிரீன் கட்சிக்குப் போட்டாளாம். மற்றபடி அந்தத் தெரு முழுக்க ரிஃபார்ம்தான்.

மெய்ட்ஸ்டன் ராசா:
அன்று ஜெயித்தது 57 பேர். போய் எண்ணிப் பாருங்கள்.

வெள்ளைக்குதிரை:
"மக்களில் பத்துக்கு ஏழு பேர்" இன்னும் அங்கே அப்படியே கிடக்கிறது. முதலில் அதைத் திருத்துங்கள்.