கேலிக் விளையாட்டுகளில் ‘கிளப்’: ‘ஊர்க்கழகம்’ என்ற சொல்லுக்கான முன்மொழிவு

கலைச்சொல் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கேலிக் கால்பந்து, ஹர்லிங் முதலிய அயர்லாந்தின் மரபு விளையாட்டுகளான கேலிக் விளையாட்டுகள் குறித்த கட்டுரைகளில் ‘கிளப்’ என்பதற்கு ‘மன்றம்’, ‘அணி’, ‘பங்கு மன்றம்’ ஆகிய மூன்று சொற்கள் இதுவரை முன்மொழியப்பட்டுள்ளன. இவற்றுள் எதையும் ஏற்குமுன், அப்பெயரால் அங்கே அழைக்கப்படும் அமைப்பு எத்தகையது என்பதை ஒரு கழகத்தின் வரலாற்றைக் கொண்டு பார்த்துவிடுவது நல்லது.

வட அயர்லாந்தின் ஆர்மா மாவட்டத்தில், அயர்லாந்துக் குடியரசின் எல்லையை ஒட்டியுள்ள கிராஸ்மக்ளென் என்னும் சிற்றூரில் 1887இல் தோன்றியது கிராஸ்மக்ளென் ரேஞ்சர்ஸ். மைக்கேல் கியூசாக்கும் மாரிஸ் டேவினும் வேறு சிலரும் டர்லஸ் நகர விடுதி ஒன்றில் கூடி, கேலிக் விளையாட்டுச் சங்கத்தை நிறுவி அப்போது மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. வட அயர்லாந்தில் உள்நாட்டு மோதல் நடந்துகொண்டிருந்த 1970களில் பிரிட்டிஷ் இராணுவம் தன் முகாமுக்காக இக்கழகத்தின் மைதானத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்து முகாமில் இறங்கும். சுவரைத் தாண்டி உள்ளே விழுந்த பந்து திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. அப்படியிருந்தும் கழகம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. 1998ஆம் ஆண்டின் அமைதி உடன்படிக்கைக்குப் பிறகே நிலம் திரும்பக் கிடைத்தது.

முகாம் பக்கத்திலேயே இருந்த காலத்தில்தான், 1997இல், ஜோ கெர்னனின் பயிற்சியில் இக்கழகம் முதன்முறையாகக் கழகங்களுக்கான அகில அயர்லாந்துக் கேலிக் கால்பந்துப் பட்டத்தை வென்றது. பின்னர் 1999, 2000, 2007, 2011, 2012 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. ஆர்மா மாவட்டப் பட்டத்தையோ 1996 முதல் 2008 வரை தொடர்ந்து பதின்மூன்று முறை தன்னிடமே வைத்திருந்தது. இத்தனைக்கும் ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் கிடையாது. வெளியூர் வீரரை விலைபேசி அழைத்துவரவும் வழியில்லை. ஒருவர் எந்த ஊரில் வளர்ந்தாரோ அந்த ஊருக்கே ஆடுகிறார் என்பதுதான் அங்குள்ள ஏற்பாட்டின் உயிர்நாடி. நம் கலைச்சொல்லில் தெரிய வேண்டியதும் அந்தப் பிணைப்புதான் என்பது என் உறுதியான கருத்து.

‘மன்றம்’ இதைச் சொல்லவில்லை. ‘அணி’ என்பது களத்தில் இறங்கும் பதினைந்து பேரைக் குறிக்கும். ஒரே கழகத்துக்குச் சிறுவர் அணி, முதுநிலை அணி எனப் பல அணிகள் உண்டு. ‘ஊர் அணி’ என்று சேர்த்தாலோ, ‘ஊரணி’ ஆகிக் குளத்தைக் குறித்துவிடும்.

‘பங்கு மன்றம்’ கவனத்துடன் ஆராய வேண்டிய சொல். ஒரு தேவாலயத்தைச் சார்ந்த பகுதியைப் ‘பங்கு’ என்பர்; பங்குத்தந்தை, பங்கு மக்கள் என்று தமிழ்க் கத்தோலிக்கர் அன்றாடம் வழங்கும் சொல் அது. அயர்லாந்தின் நாட்டுப்புறங்களில் கழக எல்லை பெரும்பாலும் கத்தோலிக்கப் பங்கின் எல்லையையே ஒட்டியிருப்பதால் அது வரலாற்றுக்கும் பொருந்துகிறது. ஆயினும் கழகம் திருச்சபையின் உறுப்பன்று; எல்லையை வகுப்பதும் கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் அந்தந்த மாவட்ட வாரியம்தான். மேலும், பொது வாசகர் ‘பங்கு’ என்றதும் பங்குச்சந்தையைத்தான் நினைப்பார்.

எனவே ‘ஊர்க்கழகம்’ என்பதை முன்மொழிகிறேன். ‘கழகம்’ தமிழ்நாட்டில் அரசியல் கட்சியை நினைவூட்டும் என்ற தடை எழக்கூடும். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஊர்தோறும் விளையாட்டுக் கழகங்கள் இருக்கின்றன. அங்கே இச்சொல்லை எவரும் கட்சி என்று கொள்வதில்லை. கட்டுரையில் முதன்முறை வருமிடத்தில் ‘ஊர் விளையாட்டுக் கழகம்’ என விரித்தெழுதிவிட்டால் தமிழ்நாட்டு வாசகருக்கும் ஐயம் நேராது. எந்த ஊரார் எந்தக் கழகத்துக்கு ஆடலாம் என்று வரையறுக்கும் விதியை ‘ஊர்வரம்பு விதி’ எனலாம்.

பல ஊர்க்கழகங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சேர்ந்து ஆடுவதற்கு ‘மாவட்ட அணி’ என்ற வழக்கே போதும். 2002இல் ஆர்மா மாவட்ட அணி முதன்முறையாக மாவட்டங்களுக்கான அகில அயர்லாந்துப் பட்டம் வென்றபோது அதன் பயிற்சியாளர் அதே கெர்னன். இறுதி ஆட்டத்தில் கோல் அடித்த ஒஷீன் மக்கான்வில்லும் கிராஸ்மக்ளென்காரர். அந்த வெற்றியை எழுதும்போது ‘அணி’, ‘கழகம்’ ஆகிய இரண்டும் தனித்தனியே தேவைப்படுகின்றன. ஆகவே சொற்பட்டியலில் இரண்டையும் வெவ்வேறு பதிவுகளாகவே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.