இன்னொரு நாய் வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர், எப்படிச் சம்மதிக்க வைப்பது?

கொருக்குப்பேட்டை அக்கா:
எங்கள் வீட்டில் டைகர் என்று ஒருத்தன் இருக்கிறான், ஐந்து வயது, சிப்பிப்பாறையும் தெரு நாயும் கலந்த மாதிரி நீளக் கால், ஒட்டிய வயிறு. நான் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவேன், வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட், பையனுக்கு ஸ்கூல், அதனால் பகலில் முக்கால்வாசி நேரம் அவன் தனியாகத்தான் கிடக்கிறான். "நீங்க போனா போதும், ஒரே ஊளை" என்று மாடியிலிருக்கும் ஹவுஸ் ஓனர் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்.

இப்போது தெருமுனை டீக்கடை ஓரத்தில் ஒரு பெட்டைக் குட்டி இருக்கிறது. தாயை ஏதோ வண்டி அடித்துவிட்டது. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும், பன் போட்டால் முன்னங்கால் இரண்டாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று சுற்றிப் பார்த்துப் பார்த்துத் தின்னும். அதைத் தூக்கி வந்தால் டைகருக்கும் துணை, அதற்கும் ஒரு வீடு. வீட்டுக்காரர் "ஒண்ணே போதும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறார். ஏன் என்று கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். எப்படித்தான் பேசி வழிக்குக் கொண்டு வருவது?

ராயபுரத்து மச்சான்:
எதுக்குக் கேக்கணும்? தூக்கிட்டு வந்துடுங்க. ரெண்டு நாள் திட்டுவாரு, மூணாவது நாள் அவர்தான் மடியில வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருப்பாரு. எல்லா வீட்லயும் இதே கதைதான்.

உப்புக்காத்து:
மச்சான் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படி நடக்காத வீடுகளில் என்ன ஆகும் தெரியுமா? முதல் நாள் செருப்பைக் கடித்ததும் "எங்க இருந்து எடுத்தியோ அங்கேயே விட்டுட்டு வா" என்பார், அதற்குள் அந்தக் குட்டி வீட்டுச் சோற்றுக்குப் பழகிப்போய் இருக்கும். அது வேண்டாம் அக்கா. ஒன்று மட்டும் கேட்கிறேன், டைகரை ராத்திரி வெளியே கூட்டிப்போவது யார்?

கொருக்குப்பேட்டை அக்கா:
அவர்தான். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, பதினோரு மணிக்கு மேல் கூட்டிப்போவார். காலையில் பையன்.

தண்டையார்பேட்டை ஆளு:
அப்படியென்றால் அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று எனக்குப் புரிகிறது, ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ராத்திரி டியூட்டி எனக்குத்தான். நம்ம பக்கத்துத் தெருக்களில் பதினோரு மணிக்கு நாயோடு நடந்து பாருங்கள். டிரான்ஸ்பார்மர் அடியில் ஒரு கூட்டம், குப்பைத் தொட்டிக்கிட்ட ஒரு கூட்டம், பார்க் பண்ணிய மீன் வண்டிக்குக் கீழே இன்னொன்று. ஒன்று குரைத்தால் போதும், மொத்தமும் வளைத்துக்கொள்ளும். ஒரு கையில் பெல்ட், இன்னொரு கையில் குச்சி, இதில் நம்ம ஆள் வேறு "விடு, நான் பார்த்துக்கிறேன்" என்று எகிறுவான். ஒரு நாய்க்கே இந்தப் பாடு. இரண்டு பெல்ட்டும் காலில் சுற்றிக்கொண்டு விழுந்தால் யார் தூக்குவது? அதுவும் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த உடம்பு. இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் "நாயைக் கூட்டிப்போக சலிச்சுக்கிறான்" என்று ஆகிவிடும், அதனால்தான் டிவி.

குட்டியைப் பற்றிப் பேசாதீர்கள். "ராத்திரி நடை இனிமேல் என்னுடையது" என்று சொல்லி, குட்டி வரும் முன்பே டைகரை நீங்கள் கூட்டிப்போக ஆரம்பியுங்கள். அவர் வருவதற்கு முன்னால், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்போதே முடித்துவிடலாம். ஒரு மாதம் விடாமல் உங்களால் முடிந்தால் அதற்கப்புறம் பேச்சே வேறு மாதிரி இருக்கும். முடியவில்லை என்றால், மன்னிக்கணும் அக்கா, அவர் சொல்வதுதான் சரி.

வேப்பேரி க்யூவில் நிற்பவர்:
நான் டாக்டர் இல்லை, நாய்களோடு கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி வாசலில் நின்று நின்று கற்றதுதான்.

துணைக்கு நாய் வந்தால் ஊளை நிற்கும் என்று நம்பி எடுக்காதீர்கள். நிறைய நாய்கள் ஊளையிடுவது மனுஷர்கள் போய்விட்டார்களே என்று, அதற்கு இன்னொரு நாய் மருந்தில்லை, கடைசியில் இரண்டும் சேர்ந்து கச்சேரி வைக்கும். பழைய போனில் ரெக்கார்டிங் போட்டுவிட்டு வேலைக்குப் போங்கள். நீங்கள் படி இறங்கியதுமே ஆரம்பித்தால் அது பிரிவு. நேரம் போகப்போக, வாசலில் ஆள் சத்தம் கேட்டுக் குரைத்தால் அது வேறு கதை.

குட்டி தெருவில் பிறந்தது, தாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்க மாட்டார்கள். பார்வோ என்று ஒரு தொற்று வைரஸ், அது இருந்தால் குட்டி ரத்தபேதியில் சில நாளில் போய்விடும். அதனால் முதல் இரண்டு வாரம் தனி இடம், தனித் தட்டு, டைகரின் ஊசிகள் விட்டுப்போகாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, மூன்று நாலு வாரம் விட்டு அடுத்தது, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி. நம்ம ஏரியாவில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், எலியும் ஜாஸ்தி, எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

டைகருக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டதா? இல்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். பெட்டைக்கு ஆறாவது மாதத்திலேயே பருவம் வரலாம், அப்புறம் 63 நாளில் வீடு நிறையக் குட்டி, உங்கள் வீட்டுக்காரர் வேண்டாம் என்றது ஆறு மடங்காக வந்து நிற்கும். மாநகராட்சி லைசென்ஸும் மைக்ரோசிப்பும் ஒவ்வொரு நாய்க்கும் தனி, லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். ஹவுஸ் ஓனர் அம்மாவிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கொருக்குப்பேட்டை அக்கா:
எல்லோருக்கும் பதில் போட லேட்டாகிவிட்டது. ரெக்கார்டிங் போட்டுக் கேட்டேன், கேட் பூட்டிய சத்தம் அடங்கவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டான். ஆக, அது எங்களுக்காகத்தான். இப்போது மத்தியானம் என் மாமியார் கொஞ்ச நேரம் வந்து உட்கார்கிறார், சத்தம் குறைந்திருக்கிறது.

ராத்திரி நடையை நான் எடுத்துக்கொண்டேன். முதலில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் நான் சீக்கிரம் திரும்பிவிட்டதைப் பார்த்து "டிரான்ஸ்பார்மர் பக்கம் போகாதே, ரேஷன் கடை வழியா சுத்திப் போ" என்றார், அப்படியே உட்கார்ந்து எந்த நாய் எங்கே நிற்கும், எது சும்மா குரைக்கும், எது கடிக்கும் என்று ஒரு பாடமே நடத்தினார். அன்றைக்குத்தான் குட்டிப் பேச்சை எடுத்தேன். முடியாது என்று சொல்லவில்லை. டைகருக்கு ஆபரேஷன் முதலில், குட்டியின் ஊசிச் செலவு என் சம்பளத்தில், சனிக்கிழமை மட்டும் இரண்டையும் அவர் கூட்டிப்போவார், மற்ற நாள் கேட்கக்கூடாது. சரி என்றுவிட்டேன்.

இப்போது சந்தேகம் ஒன்றுதான். தனியாக வைக்க எங்களிடம் இருப்பது பின்பக்கம் துணி துவைக்கிற இடம் மட்டும். பினாயில் போட்டுக் கழுவினால் போதுமா?

வேப்பேரி க்யூவில் நிற்பவர்:
பினாயிலுக்குப் பார்வோ சாகாது. துணிக்குப் போடும் திரவ பிளீச் வாங்கி, ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, முதலில் அழுக்கைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் இதை ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள். நன்றாக அலசி, காய்ந்த பிறகு குட்டியை விடுங்கள். பினாயிலோடு சேர்த்து மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.