நீச்சல் நடுவர் எழுதும் சீட்டில் பிழை இருந்தால் தகுதிநீக்கம் செல்லாதா?

ஐந்தாம் தடம்: 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் நீச்சல், ஆண்கள் 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக், அதாவது மல்லாந்து நீந்தும் போட்டி. அமெரிக்காவின் ஆரோன் பியர்சால் முதலில் வந்தார், சுவரில் திரும்பும் டர்னில் தவறு என்று தகுதிநீக்கம் செய்தார்கள், கொஞ்ச நேரத்தில் தங்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காரணம், நடுவர் எழுதிய அறிக்கையில் விளக்கம் போதவில்லையாம், சர்வதேச நீச்சல் கூட்டமைப்பின் அலுவல் மொழியிலும் இல்லையாம். இரண்டாவதாக வந்த ஆஸ்திரியாவின் மார்கஸ் ரோகன் என்ன பாவம் செய்தார்? தண்ணீரில் தப்பு நடந்ததா என்று பாருங்கள், பேப்பரைப் பார்க்காதீர்கள்.

விசில்: டர்னைக் கவனிக்கும் டர்ன் ஜட்ஜாக நின்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். தப்பைக் கண்டதும் கையைத் தூக்கினால் மட்டும் போதாது, எந்த லேன், எந்தச் சுவர், என்ன தப்பு என்று சீட்டில் எழுதித் தர வேண்டும். "டர்ன் சரியில்லை" என்று மொட்டையாக எழுதினால் வீரர் எதை மறுப்பார்? குப்புறப் புரண்டதும் கையை உடனே இழுக்காமல் மிதந்தாரா, சுவரை விட்டுக் கிளம்பும்போது மல்லாந்து இல்லையா, இரண்டும் வேறு வேறு குற்றம். நீங்கள் வெறும் பேப்பர் என்கிறீர்கள், அதுதான் குற்றச்சாட்டே. சந்தேகம் இருந்தால் அதன் பலன் வீரருக்குத்தான்.

ஐந்தாம் தடம்: சரி, ஆனால் எழுதத் தெரியாதது நடுவரின் குறை. அதற்கு ரோகன் ஏன் விலை கொடுக்க வேண்டும்? 2022 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கை ஜெயித்த ஜஸ்டின் ரெஸ்ஸை, முடிவில் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டார் என்று நீக்கினார்கள். அப்புறம் வீடியோவைப் பார்த்துத் தங்கத்தைத் திருப்பித் தந்தார்கள். நடந்ததைப் பார்த்து முடிவெடுத்தார்கள், அது எனக்குச் சம்மதம்.

அலைமேல்: இரண்டு பேரும் நீக்கியதைப் பற்றியே பேசுகிறீர்கள், நீக்காமல் விட்டதும் பிழைதானே? அதே ஏதென்ஸில் 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் ஜப்பானின் கோசுகே கிட்டாஜிமா, அப்போது அதில் கூடாத டால்ஃபின் கிக் (இரண்டு காலையும் சேர்த்து மேலும் கீழும் உதைப்பது) அடித்தது தண்ணீருக்கடியில் எடுத்த படத்தில் தெரிந்தது, ஆனால் மேலே நின்ற நடுவர் யாரும் கை தூக்கவில்லை, தங்கம் அவருக்கே. அது ஏமாற்று வேலை என்று வெளிப்படையாகச் சொன்னவர் இந்தப் பியர்சால்தான். மறு வருடம் ஒரு டால்ஃபின் கிக்குக்கு விதியிலேயே இடம் கொடுத்தார்கள். ரெஸ் விவகாரத்துக்கு அப்புறமும் அப்படித்தான், 2023-ல் கடைசி 5 மீட்டரில் முழுக்க மூழ்கலாம் என்று மாற்றினார்கள். கரையில் நிற்கிறவர் கண்ணுக்குப் பிடிபடாததை வைத்து ஒருவரின் பதக்கத்தைத் தீர்மானிக்கிற விதியே தப்பு.

விசில்: அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாக் குளத்திலும் நீருக்கடியில் கேமரா கிடையாது. மாவட்ட அளவில் இன்றும் நடுவரின் கண்ணும் அந்தச் சீட்டும்தான். சீட்டையும் விட்டுவிட்டால் நீக்கப்பட்ட பிள்ளைக்குக் காரணம்கூடத் தெரியாது.

ஐந்தாம் தடம்: அப்படியானால் சீட்டு அரைகுறையாக வந்ததும் தலைமை நடுவரான ரெஃப்ரி அந்த ஜட்ஜைக் கூப்பிட்டு அங்கேயே கேட்கட்டும், என்ன பார்த்தீர்கள் என்று. அவரால் சொல்ல முடிந்தால் தகுதிநீக்கம் நிற்கட்டும், முடியவில்லை என்றால் முடிவை அறிவிக்கும் முன்பே விட்டுவிடுங்கள். அறிவித்துவிட்டு, ஒருவர் கையில் கொடுத்ததைப் பிடுங்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.