லாடம் அடித்து 5 நாள் ஆச்சு, குதிரை காலை ஊன்ற மாட்டேன் என்கிறது

போன ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தையில் வாங்கிய பெண் குதிரை, வயது 6. லாடம் அடித்தபின் மூணு நாள் நன்றாகத்தான் நடந்தது. நேற்றிலிருந்து இடது முன்னங்காலின் நுனியை மட்டும் தரையில் தொட்டு நிற்கிறது. வீக்கம் இல்லை. தோள் பிசகியிருக்கும், எண்ணெய் போட்டு நீவிவிடு என்கிறார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். வலி ஊசி போடலாமா?

பதில் 1
தோளை விடுங்க தம்பி, குளம்பைப் பாருங்க. முன்னங்கால் நொண்டினால் கோளாறு பெரும்பாலும் குளம்பில்தான் இருக்கும். புறங்கையை இரண்டு குளம்பிலும் வைத்துப் பாருங்க, இடதில் சூடு கூடுதலா? கணுவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரல் வைத்தால் நாடி தெரியும், சாதாரணமாகத் தேடித்தான் பிடிக்கணும், உள்ளே சீழ் கட்டியிருந்தால் தானாகவே திம் திம்மென்று அடிக்கும். எனக்கென்னவோ லாட ஆணி சதையை ஒட்டி இறங்கியிருக்கிறது என்றுதான் படுகிறது. ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம். லேசான நொண்டலுக்குத்தான் நடக்கவிட்டுத் தலையைப் பார்ப்போம், வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும்.

பதில் 2
டாக்டர் பார்க்கும்முன் வலி ஊசி கூடவே கூடாது. வலி மறைந்துவிட்டால் எந்த இடம் என்று அவருக்கும் பிடிபடாது, குதிரையும் நன்றாக மிதித்து இன்னும் கெடுத்துக்கொள்ளும். டெட்டனஸ் ஊசி போட்டாச்சா? ஆணிக் காயத்தில் குதிரைக்கு அது சீக்கிரம் வரும், வந்தால் பிழைப்பது கஷ்டம்.

பதில் 3
கட்டிப்போட்டிருக்கும் வரை கொள்ளு, தானியத்தைக் குறைத்துப் புல்லாகப் போடுங்க. இரண்டு முன்னங்காலும் சுட்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றால் அது வேறு நோய், ராத்திரி என்றாலும் டாக்டரைக் கூப்பிடணும்.

கேட்டவர்
டாக்டர் வந்தார் அண்ணா. லாடத்தைக் கழற்றி, இடுக்கியால் குளம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டே வந்தார், மூணாவது ஆணி இடத்தில் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது. சின்னதாகத் தோண்டியதும் கறுப்புத் தண்ணியாகச் சீழ், நாற்றம் தாங்கவில்லை. டெட்டனஸ் ஊசியும் போட்டார். வெந்நீரில் எப்சம் உப்பு போட்டுக் காலை வைக்கச் சொன்னார், அப்புறம் அயோடின் பஞ்சு, மேலே கட்டு. இன்றைக்கு நாலு காலிலும் நிற்கிறது. லாடம் அடித்தவரிடம் சொன்னால் குதிரை ஆடியது என்கிறார். திரும்ப எப்போது அடிக்கலாம்?

பதில் 1
ஓட்டை காய்ந்து கெட்டியாகட்டும், டாக்டர் சரி சொன்னபின் அடிங்க. அதுவரை காலில் போட்ட கட்டு ஈரமாக விடாதீங்க.