பதில்: பூங்கா பெஞ்சு – இரண்டாம் தவணை

பொருளாளர் அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

சித்தன்னவாசல் பூங்காவில் நம் பணத்தில் போடும் கல் பெஞ்சுகளுக்கு இரண்டாம் தவணையாகத் தலைக்கு ஐயாயிரம் கேட்டிருக்கிறீர்கள். தரமாட்டேன் என்று சொல்லவில்லை. முதல் தவணை என்ன ஆனது என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன தங்கச்சி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சித்தன்னவாசல் போயிருக்கிறாள். குகைக்கோயில் கருவறையில் சின்னவன் கண்ணை மூடி ‘ம்ம்ம்’ என்று முனக, சத்தம் நாலு பக்கமும் சுற்றி வந்ததாம். விதானத்துத் தாமரைக் குளத்தில் மீனையும் யானையையும் தேடிக் கழுத்து வலி வேறு. வெயிலுக்குப் பயந்து, மலைமேல் சமணர் படுக்கை இருக்கும் ஏழடிப்பட்டம் ஏறாமல் பூங்காவுக்கு வந்துவிட்டார்கள். அங்கேதான் எண்ணியிருக்கிறாள். ஆறு கல் பெஞ்சுக்குப் பணம் கொடுத்தோம், இருப்பது நான்கு. அதில் ஒன்றுக்கு ஒரு கால் இல்லை, செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறது. போட்டோ இணைத்திருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள்.

மற்ற மூன்றிலும் மேலத்தெருக்காரர்கள் பெயர், சிவப்பு எழுத்தில். அப்பா பெயரைக் காணோம். தேர்வடம் விஷயத்தில் அவர் என்ன செய்தார் என்று மேலத்தெருவுக்கே தெரியும். கிளறாதே என்கிறாள் அம்மா, சரி, விட்டுவிட்டேன்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பூங்கா ஏது? அன்னவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி நடைதான். மலைமேல் சமணர் படுக்கை பக்கத்தில் அப்பா துண்டை விரித்துப் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார். பிராமி எழுத்து வெட்டிய படுக்கையில் மட்டும் கை வைக்க விடமாட்டார். இரண்டாயிரம் வருஷத்துக் கல்லாம்.

துபாய் மாப்பிள்ளை போன மடலில் ‘நம்ம ஊர்ப் பெருமை’ என்று எழுதியிருந்தார். பெருமைதான், யார் இல்லை என்றது? அந்தக் குகைக்கோயிலில் கருவறைக்கு முன்னால் இருக்கும் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து, அதற்கும் முன்னால் முகமண்டபம் எடுத்ததை மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் 9ஆம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் உங்களிடம் கல்வெட்டா கேட்கிறேன்? ஒரு எக்செல் தாள், கல்தச்சர் கொடுத்த ரசீது, அவ்வளவுதான். வந்த அன்றைக்கே என் ஐயாயிரம் வந்துவிடும்.

இப்படிக்கு,
கீழத்தெரு வாத்தியார் வீட்டு இளையவன், ஷார்ஜா

பி.கு.: முட்டுக் கொடுத்த செங்கல், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கு நாம் வாங்கிக் கொடுத்ததில் மிச்சம் போலத் தெரிகிறது. அந்தக் கணக்கும் இன்னும் வரவில்லை.