சாவனதுர்காவில் வழி தவறினால் ஓடையைப் பின்தொடரலாமா?

ஜெயநகர்வாசி: போன ஞாயிறு பெங்களூரு பக்கத்தில் இருக்கும் இந்தப் பாறை மலையிலிருந்து இறங்கும்போது பாறையில் வரைந்த அம்புக்குறியைத் தவறவிட்டேன். ‘இதோ, பாதை வந்துவிடும்’ என்று ஒரு மணி நேரம் புதருக்குள் இறங்கிக்கொண்டே இருந்தேன். பாட்டிலில் நாலு மடக்குத் தண்ணீர். 1971இல் பெரு நாட்டில் விமானம் விழுந்தபோது, 17 வயது யூலியானே கோப்கே ஓடையைப் பிடித்துப் போய் 11 நாளில் தப்பினாரே, அப்படிச் செய்திருக்கலாமோ?

மலைப்பித்தன்: அது அமேசான் சமவெளி, தம்பி. ஓடை ஆற்றில் சேரும், ஆற்றோரம் ஆள் இருக்கும். அவர் பெற்றோர் விலங்கியலாளர்கள், காடு பழக்கம். இங்கே ஓடை செங்குத்துப் பாறையில் கொண்டுபோய் விடும். கடைசி அம்புக்குறிக்கே திரும்ப ஏறியிருக்க வேண்டும்.

பழைய காலணி: ஏற மனசு வராது, அதுதான் சிக்கல். தொலைந்துவிட்டேன் என்று ஒத்துக்கொள்ளவே எனக்கு ஸ்கந்தகிரி மலையில் இரண்டு மணி நேரம் ஆனது.

ஜெயநகர்வாசி: சரிதான். எனக்கு வழி காட்டியது ஏதோ நாய் குரைத்த சத்தம்.