மறு: மறு: ரெசிடுவல் குளோரின் – எச்சமா, மிச்சமா? (திங்கக்கெழம அச்சு)

கோபி:
வணக்கமுங்க. எங்கூரு குடிதண்ணி டெஸ்ட் ரிசல்ட்ட வீடு வீடா நோட்டீசா குடுக்கறோம், திங்கக்கெழம அச்சுக்குப் போகோணும். டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பளவு), ஃபுளோரைடு எல்லாம் சனத்துக்குப் பழகிப்போச்சு, அப்படியே போட்டுக்கலாம். ரெசிடுவல் குளோரினுக்குத் தமிழ்ல என்ன பேர் போடறதுன்னு தான் நிக்குது. தொட்டியில ப்ளீச்சிங் பவுடர் போட்டா அந்தக் குளோரின் கிருமி, இரும்பு, அம்மோனியான்னு எல்லாத்தோடயும் மல்லுக்கட்டித் தீந்தது போக, கடைசி வீட்டுக் குழாய் வரைக்கும் வந்து நிக்குதே அது. குடிதண்ணிக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாச்சும் இருக்கோணும்ங்குது. 'எச்சக் குளோரின்'னு எழுதிட்டேன், சரிங்களா?

ஈரோடு:
ஏனுங்க, குடிக்கற தண்ணியில எச்சமா? எங்க அம்மாயி படிச்சா காக்கா போட்டுதான்னு கேக்கும்.

தாராபுரம்:
காக்காய்க்கு மட்டும் எழுதி வெச்ச சொல்லாங்க அது? 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்', குறள் 114. எஞ்சு – எச்சம், மிஞ்சு – மிச்சம். வினையெச்சத்தப் பாருங்க, 'வந்து'ன்னா முடியல, ஒரு வினைக்குக் காத்துக்கிட்டு நிக்குது. இந்தக் குளோரினும் குழாய்க்குள்ள கிருமி வந்தா முடிக்கறதுக்குத்தான் நிக்குது. அப்பறம் குளோரின மட்டும் ஏன் உட்டு வெச்சீங்க? 1810ல இங்கிலாந்து வேதியியலாளர் டேவி, வெளிர்பச்சைங்கற கிரேக்கச் சொல்ல வெச்சுத்தான் பேர் வெச்சார். நாமளும் 'பச்சைவளி'ங்கலாம்.

திருப்பூர்:
அய்யா, பச்சையம் குளோரோபில்லுக்கு எப்பவோ போயாச்சுங்க. நொய்யல்ல சாயத்தண்ணி கலர் கலரா ஓடிப் பாத்த சனம் நாங்க, நோட்டீசுல பச்சைன்னு போட்டா ஒருத்தரும் வாயில வெக்கமாட்டாங்க.

கோவை (லேப்):
எச்சமோ மிச்சமோ, ரெண்டுமே 'ஜாஸ்தியாப் போட்டு மீந்துபோச்சு'ங்கற மாதிரி கேக்குது. ஏற்கனவே சிறுவாணி குடிச்ச நாக்கு, லேசா குளோரின் வாடை அடிச்சாலே தண்ணி கெட்டுப்போச்சுங்கறாங்க. வேணும்னேதாங்க மீத்து வெக்கறோம். வாரம் ஒருக்கா தண்ணி உடற ஊர்ல, உடாத நாள்ல பைப்புல அழுத்தமே இருக்காது, ஒடைஞ்ச எடத்துல பக்கத்துச் சாக்கடை உள்ள எறங்கிரும், அப்ப இருக்கற ஒரே துணை இதுதான். 'காவல் குளோரின்'னு போடுங்க. அதுக்காக லோடு லோடா சாக்கடை வந்தா 0.2 தாங்கும்னு நெனைச்சிராதீங்க, அது வேற சண்டை.

தாராபுரம்:
அது விளக்கம், பேரில்ல. நாளைக்குத் தக்காளியில பூச்சிமருந்து ரெசிடியூ இருக்குன்னா 'காவல் மருந்து'ம்பீங்களா?

ஈரோடு:
மீதிக் குளோரின்னு போட்டுட்டு வேலையப் பாப்பமுங்க. கண்டக்டர்கிட்ட மீதி கேக்காத ஆளு யாரு?

திருப்பூர்:
மீதிக்கு என் ஓட்டு. ஃப்ரீ (எதோடயும் சேராதது), கம்பைண்டு (அம்மோனியாவோட சேந்தது)ன்னு பிரிக்கறதா இருந்தா தனி, கூட்டுன்னு போட்டுக்கலாம்.

கோவை (லேப்):
காவல் தான் நல்லாருக்கு. சரி, மீதியே போடுங்க, ஆனா கீழ ஒரு வரி, 'இது இருந்தாத்தான் நல்லது'ன்னு.

கோபி:
அந்த வரி கொட்டை எழுத்துல போகுதுங்க. மீதின்னே அச்சுக்குக் குடுத்தர்றேன்.

தாராபுரம்:
குடுங்க, குடுங்க. என்ற வகுப்புல எச்சம் தான்.